‘கூட யாரு வந்திருக்கா?’

காலையில் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பேருந்தில் நிறைமாதப் பெண் ஒருவர் ஏறினால் முன்பக்கத்து ஜன்னலோர இடம் தானாகக் கிடைத்துவிடும். கேட்கவே வேண்டாம், யாராவது எழுந்துகொள்வார்கள். கையில் பெரும்பாலும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அதை முகர்ந்துகொண்டே கடந்துவிடலாம் என்பது மலைக்காரர்களின் கைவைத்தியம். போன தை மாதம் எனக்கு முன் இருக்கையில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பரிசோதனை அட்டை, ஸ்கேன் தாள், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி.

பக்கத்தில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். “எத்தன மாசம் கண்ணு?”

“ஒம்பது முடியப்போவுதுங்க.”

“கூட யாரு வந்திருக்கா?”

பதில் உடனே வரவில்லை. அடுத்த வளைவில் பேருந்து திரும்பி நிமிர்ந்த பிறகுதான் வந்தது. “அம்மா காபிப் பழம் எடுக்கப் போயிருக்குதுங்க. அவரு கூர்க்குல இருக்காரு. சாயங்காலமா நாத்தனா வர்றேன்னிருக்குது.”

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அதே கேள்வி அவரிடம் இன்னும் எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். சீட்டுப் பதியும் இடத்தில், ஸ்கேன் அறை வாசலில், வார்டில் கட்டில் ஒதுக்கும்போது என்று எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். ரத்தம் வாங்கி வரவும், மருந்துச் சீட்டோடு ஓடவும், கையெழுத்துப் போடவும் ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்பார்கள். அந்தப் பெண்ணின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும். உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று கேட்பதாகத்தான் விழுந்திருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது. மலையில் பிள்ளைப்பேற்றுக்காக அரசு செய்திருப்பதில் பெரும்பகுதி உடம்புக்கானது, அதை நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் உடம்பைக் காக்கும் வேகத்தில், பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள் நழுவிப்போய்விட்டார். அவரைத் திரும்பக் கொண்டுவருவதும் மருத்துவம்தான். மாத்திரைக்கும் ஊசிக்கும் பணம் ஒதுக்குவதுபோல அதற்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் வாதம்.

சமவெளிக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரி, லேடீஸ் சீட், மே மாத மலர்க் கண்காட்சி. அந்தச் சுற்றுலா ஊரைத் தாண்டி நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம் என்று உள்ளே போனால்தான் சேர்வராயன் மலை தொடங்குகிறது. அங்கே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியை இங்கே கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த மலையின் பஞ்சாங்கத்தைக் காபிதான் எழுதுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் பழ எடுப்பு மாசி வரை ஓடும், அது முடிந்தால் மிளகு. அந்த மாதங்களில் ஒரு நாள் கூலியை விடுவது என்பது வெயில் காலத்தின் அரிசியை விடுவது. பழ எடுப்பு நடக்கும்போது மகளுக்கு வலி கண்டால் தாய் என்ன செய்வாள்? எங்கள் வீடுகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே அது வருடாவருடம் வருகிறது.

ஆண்களின் கதை வேறு. உள்ளூரில் வேலை குறையும்போது கூர்க்கு, கேரளம் என்று தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். சம்பளம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆள் மட்டும் பொங்கலுக்கோ, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கோ வருகிறார்.

அரசு செய்திருப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. பழங்குடியினர் வாழும் மலைப்பகுதிகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு பிரசவக் காத்திருப்பு அறைகள் வந்தன. நாள் நெருங்கும்போதே கர்ப்பிணியைக் கூட்டிவந்து தங்கவைத்துவிடலாம், நடு இரவில் வலி கண்டு தூளி கட்டித் தூக்கி ஓட வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் காட்டெருமை நிற்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்து போய் ஊசி போட்டுவிட்டு வருகிறார். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99.6 மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இந்த எண்ணுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான செவிலியர்களின் கால்வலி இருக்கிறது. அதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது நன்றி கெட்டதனம்.

ஆனாலும் ஒன்று நடந்திருக்கிறது. பிள்ளைப்பேறு ஊரை விட்டு இறங்கிவிட்டது.

முன்பு குடிசைக்குள் பிள்ளை பிறந்த காலத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் செத்த பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்தக் குடிசைக்குள் இருந்தவர்களை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். மருத்துவச்சி இருந்தாள். இடுப்பைப் பிடித்துவிட ஒருத்தி, வெந்நீர் வைக்க ஒருத்தி, ‘எனக்கு ரெண்டு நாள் வலிச்சுச்சு, அப்புறம் வந்தான் பாரு உங்க சித்தப்பன்’ என்று பழங்கதை சொல்லி அழுகிறவளைச் சிரிக்கவைக்க ஒருத்தி. பிறந்த பிறகு சுக்கும் மிளகும் பூண்டும் இடித்து மருந்து கிண்டி வாயில் ஊட்ட ஒருத்தி. அவர்களுக்கு மருத்துவம் அவ்வளவு தெரியாது. பயந்தவள் பக்கத்தில் இருக்கத் தெரியும்.

2015இல் அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்கு ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். 16 பொருட்கள். குழந்தைக்குத் துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை. தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். அந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது லேகியத்தில் என் கண் நின்றுவிட்டது. மருத்துவச்சியின் அடுப்படியை யாரோ நினைவு வைத்திருக்கிறார்கள் என்று மனம் நெகிழ்ந்தது. ஆனால் லேகியம் டப்பாவில் வந்துவிட்டது, அதை விரலில் எடுத்து ஊட்டிய கை வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியிலும் கதை இதுதான். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. நெய், பேரீச்சம்பழம், டானிக் எல்லாம் உண்டு. ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்று கேட்கிற ஆளை எந்தப் பெட்டகத்திலும் வைக்க முடியவில்லை.

இதை மனம் இளகிப்போய்ச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், கணக்கு இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அந்த மாவட்டத்தின் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திலும் சந்தித்துப் பேசினார்கள். 2002இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. என்னென்ன காரணங்கள் அதோடு சேர்ந்து வந்தன என்றும் பார்த்தார்கள். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தபோது பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் ஏற்பட்ட துயரச் சம்பவங்கள். இவற்றோடு ஒன்றாகக் கைவேலைக்கு உதவி இல்லாததும் இருந்தது. ஆறுதல் வார்த்தை, ஆலோசனை எல்லாம் அதற்குப் பிறகுதான். தண்ணீர் எடுத்துக் கொடுக்க, துணி அலச, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லாத தாய்க்கு மனச்சோர்வு கூடுதலாக வருகிறது. ஒரு குடம் தண்ணீருக்குச் சரிவில் இறங்கி ஏற வேண்டிய மலையில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் தாய்மார்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மனச்சோர்வு என்று கணக்கு. பதினொன்றோ, இருபத்திரண்டோ, ஒரு வார்டில் பத்துக் கட்டில் இருந்தால் அதில் ஒருவராவது இருப்பார்.

அவரைக் கண்டுபிடிப்பது கடினம் என்பார்கள். அவர் வந்து ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லப்போவதில்லை என்பது உண்மைதான். ‘அசதியா இருக்குதுங்க’, ‘தூக்கமே வரல’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘என்னமோ பாரமா இருக்குது’ என்பார். வீட்டில் கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். இந்தப் பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் பார்த்ததை அடுத்த படிக்கு எடுத்துச்செல்ல ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். அந்த வழிக்குக் கருவியும் இருக்கிறது. 1987இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ மருத்துவர்கள் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்று போகும் அது, கடைசியில் தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். அதைத் தமிழில் சோதித்துச் சரிபார்த்தவர்களும் வேலூர் மருத்துவர்கள்தான். 2005இல் அது வெளிவந்துவிட்டது. இருபது வருடங்கள் ஆகின்றன. செவ்வாய்க்கிழமை தோறும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்து வரிசையில் உட்காருகிறார்கள். எடை பார்க்கிறோம், ரத்த அழுத்தம் பார்க்கிறோம், ரத்தச்சோகை பார்க்கிறோம். இந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்க எவ்வளவு நேரமாகிவிடும்?

காத்திருப்பு அறை நல்ல யோசனை என்றேன். அதற்குள் ஒரு வாரம் இருந்து பார்க்கும் மனம் எப்படி இருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். இரண்டாவது பிரசவம் என்றால் மூத்த பிள்ளை ஊரில் இருக்கிறது. அது பாட்டியோடு சாப்பிட்டதா, ஆட்டை யார் ஓட்டிப்போனார்கள், பழ எடுப்புக் கூலி எத்தனை நாள் போயிற்று. தலைப்பிரசவம் என்றால் வேறு பயங்கள். ‘கத்தி வெச்சுருவாங்களா?’ என்பது இன்று எல்லாக் கர்ப்பிணிகளும் கேட்கிற கேள்வி. அது வீண் பயமில்லை, மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. சேலத்துக்கு அனுப்பிவிடுவார்களா, அங்கே யாரிடம் என்ன கேட்பது, தன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களா. மலைப் பெண்ணுக்கு நகரத்து மருத்துவமனை என்பது வலிக்கு முன்னால் வருகிற இன்னொரு வலி. இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தால் இரவு கழிந்துவிடும். காத்திருப்பு அறையில் உடன் ஒருவர் தங்க அனுமதி இருக்கிறது. தங்குவதற்கு அவருக்குக் கட்டுப்படியாகாது, சிக்கல் அங்கேதான்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்பதை இந்தியாவில் முதலில் ஏற்றுக்கொண்டது தமிழ்நாடு. 2004இலேயே அரசு மருத்துவமனைகளில் அதைத் தொடங்கினோம். பெருமைப்பட வேண்டிய முடிவு அது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுமைக்கும் அதை வழிகாட்டுதலாக்கியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் பிரசவ வலியின்போது உடன் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரசவம் முழுக்க ஒருவர் விலகாமல் உடனிருந்தால் என்ன ஆகும் என்று 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வலி நேரம் குறைகிறது, இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது, பிரசவத்தைக் கசப்போடு நினைக்கிற பெண்கள் குறைகிறார்கள். ஒரு மாத்திரை இத்தனையும் செய்தால் அதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பு வைத்திருப்போம்.

நடைமுறையில் பல இடங்களில் இடம் இல்லை, திரை இல்லை, கூட்டம் என்று சொல்லி அந்தத் துணையை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஒரே செவிலியர் நான்கு பேரைப் பார்க்க வேண்டிய இரவில் அவருக்கு எரிச்சல் வருவதும், அது அதட்டலாக வெளிப்படுவதும் எனக்குப் புரிகிறது. ஆனால் தலையை வருட ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்த அதட்டலுக்கே பாதி வேலை இல்லாமல் போகும். துணை என்பது செவிலியருக்கும் துணைதான்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தலைப்பிரசவம் ஒரு மருத்துவமனையில் நடந்தது, பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் எங்கும் அப்படித்தான். மாலை ஆறு மணிக்கு உள்ளே அழைத்துப்போனார்கள். கதவு சாத்தப்பட்டது. விடிகிறவரை நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளிருந்து ஒரு அலறல் கேட்கும். அது என் மனைவியுடையதா, வேறு யாருடையதா என்று தெரியாது. யாராவது வெளியே வந்தால் எழுந்து நிற்பேன். அவர்கள் வேறு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். காலையில் மகள் பிறந்தாள். எல்லோரும் மூன்று கேள்விகள் கேட்டார்கள். என்ன குழந்தை, எடை எவ்வளவு, சுகப்பிரசவமா சிசேரியனா. நானும் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே திரிந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் என் மனைவியிடம் கேட்கவில்லை. பிறகு மூன்று மாதம் தாய்வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு என் மகளைப் பார்க்க விருந்தாளிபோலப் போய்வந்தேன். பல வருடம் கழித்து ஒருநாள் மனைவி சொன்னார்: “வலி மறந்துபோச்சு. அந்தக் கதவைச் சாத்தினாங்க பாருங்க, அதுதான் மறக்கல.”

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம்மிடம் இருக்கிற அருமையான ஏற்பாடு. மருமகளாக இருக்கிற பெண் மறுபடியும் மகளாகிற சில மாதங்கள் அவை. அங்கே அவர் காலை நீட்டி உட்காரலாம், புளிப்பு கேட்கலாம், அழலாம். ஆனால் அந்த ஏற்பாட்டில் தகப்பனுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. செலவுக்குப் பணம் கொடுப்பதும் கதவுக்கு வெளியே நிற்பதும்தான் அவர் பங்கு. கூர்க்குத் தோட்டத்தில் இருக்கிற அந்த இளைஞனுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? அவனுக்கும் பயம் இருக்கும், அதை யாரிடமும் சொல்லும் வழக்கம் இல்லை. சொல்லாத பயம் சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் போய் நிற்கும். பிள்ளை பிறப்பதை ஒட்டிய மாதங்களில் தகப்பன்மாரில் பத்துப் பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று 43 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 2010இல் சொன்னது. தாய் சோர்ந்திருக்கும் வீட்டில் தகப்பனும் சோர்ந்திருக்க வாய்ப்பு கூடுதல் என்றும் சொன்னது.

மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. 2023இல் ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தந்தையருக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்று எடுத்துச் சொன்னது. நல்ல வார்த்தை. தினக்கூலிக்கு இருக்கிறவர் எந்த மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்பார்? 2016 வழிகாட்டுதலில், மறைப்பு வசதி இருக்கும் பிரசவ அறைகளில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போட்டால் போதும், வெளியே நின்ற என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்துவிடலாம். திரைத்துணி என்ன விலை விற்கிறது?

மலையில் இதையெல்லாம் செய்ய மனநல மருத்துவர்கள் எங்கே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் முதல் உதவிக்கு அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நம்மைப் போன்ற ஏழை ஊர்கள் இரண்டு காட்டியிருக்கின்றன. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில், பள்ளிப் படிப்பை முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். உட்கார்ந்து பேசுவது, வீட்டாரையும் பேச்சில் சேர்ப்பது, சின்னச் சின்ன வேலைத் திட்டம் போடுவது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, சாதாரண வீட்டு வருகை மட்டும் கிடைத்த தாய்மார்களில் 53 விழுக்காட்டினர் இன்னும் சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் பேசியவர்களில் 23 விழுக்காடுதான். 2008இல் வெளிவந்த அந்த முடிவை ஒட்டி உலக சுகாதார நிறுவனம் கையேடே போட்டது.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கம். ஜார்க்கண்ட், ஒடிசா எல்லையில் பழங்குடியினர் வாழும் மூன்று மாவட்டங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு கிராமத்துப் பெண்களை மாதம் ஒருமுறை வட்டமாக உட்காரவைத்தது. படம் வரைந்த அட்டைகள், கதைகள், விளையாட்டு. பிரசவத்தில் நம் ஊரில் என்ன தவறுகிறது, நாமே என்ன செய்யலாம் என்று அவர்களே பேசினார்கள், அவர்களே முடிவெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைவாக இருந்தது. மூன்றாவது ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வு பாதிக்கும் கீழே போனது. பிள்ளையைக் காக்க ஒன்றுகூடியவர்கள் ஒருவரையொருவர் காத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சேர்வராயன் மலையில் வட்டமாக உட்காரப் பெண்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன, அங்கன்வாடி இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது அந்த வளையல் சத்தம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தாய்க்கும் அது கேட்கிறது. ஆனால் ஒரே நாளில் மேடை போட்டு, சந்தனம் பூசி, கலவைச் சோறு போட்டு, புகைப்படம் எடுத்து முடித்துவிடுகிறோம். அதே பெண்கள் மாதம் ஒருமுறை, மேடை இல்லாமல், அங்கன்வாடித் திண்ணையில் ஒரு மணி நேரம் கூடினால் போதும். பிள்ளை பெற்ற மூத்தவள் ஒருத்தி, பெறப்போகிறவர்கள் நான்கு பேர். மூன்றாவது மாதம் அவர்களின் கணவன்மாரையும், மாமியார்களையும் கூப்பிடலாம். பிரசவ அறையில் என்ன நடக்கும், வலி எப்படி ஏறி இறங்கும், யாரிடம் என்ன கேட்கலாம் என்று முன்பே தெரிந்தவருக்குப் பயம் பாதியாகும்.

அந்த மூத்தவளே காத்திருப்பு அறைக்கும் சேலத்துக்கும் துணையாகப் போகட்டும். தாயோ நாத்தனாரோ வர முடிந்தால் அவர்களே வரட்டும். யார் வந்தாலும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குத் தோட்டக் கூலிக்கு ஈடான தொகையை அரசு கொடுக்க வேண்டும். பேருந்துக் கட்டணமும் மூன்று வேளைச் சாப்பாடும் இரவில் படுக்க ஒரு பாயும் வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை 2022 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கிறது, நல்ல சேவை. மலையின் பல மூலைகளில் சிக்னல் கிடைக்காது. அங்கே தொலைபேசிக்கு மாற்று ஓர் ஆள்தான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது எனக்குத் திருச்சி மலைக்கோட்டைதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய மகளைப் பார்க்கக் கிளம்பிய தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். இங்கே மகளுக்கு வலி கண்டுவிடுகிறது. இறைவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறான், வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும் வரை கூடவே இருந்து மகளையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறான். தாயுமானவர் என்ற பெயர் அப்படி வந்தது. வெள்ளத்தை வற்றவைத்திருக்கலாம், வலியை இல்லாமல் செய்திருக்கலாம். நம் முன்னோர் கதையை அப்படிக் கட்டவில்லை. பிரசவ நேரத்தில் தெய்வத்தால் முடிகிற பெரிய காரியம் ஆளாக வந்து பக்கத்தில் உட்காருவது என்று கட்டியிருக்கிறார்கள்.

நான் கேட்பது அதைவிடச் சின்னது. பரிசோதனை அட்டையில் எடை, ரத்த அழுத்தம், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அதோடு இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். ‘பிரசவத்தின்போது உடன் இருப்பவர்’ என்று ஒன்று. ‘வீடு திரும்பிய பின் நாற்பது நாள் உடன் இருப்பவர்’ என்று இன்னொன்று. ஏழாம் மாதச் செவ்வாய்க்கிழமையிலேயே செவிலியர் அதைக் கேட்டு எழுத வேண்டும். ஏதாவது ஒரு வரி காலியாக இருந்தால் அந்த ஊர் மகளிர் குழுவுக்கு அன்றைக்கே சொல்லி ஒரு பெயரை எழுதிவிட வேண்டும், அந்தப் பெயருக்குரிய கூலியையும் அப்போதே பதிந்துவிட வேண்டும். பிறகு அந்தப் பெண் மலை இறங்கும்போது யார் கேட்டாலும் அட்டையை எடுத்துக் காட்டலாம்.